பாஸ்வேர்டில் இருந்த அக்கா

டிரைவிங் டெஸ்டில் பாஸான அன்று சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. பேக்கரியில் எல்லோரும் கை தட்டினார்கள். கேக்குகளின் மேல் பெயர் எழுதுவதுதான் அவள் வேலை. எவ்வளவு நீளமான பெயரானாலும் எவ்வளவு சின்னக் கேக்கானாலும் இடத்துக்குள் அடக்கிவிடுவாள். அன்றைக்கு அவளுக்கே ஒரு கேக் கிடைத்தது. ரொட்டி சுடுகிற மாஸ்டர் தன் கையாலேயே அதில் ‘பாஸ்’ என்று எழுதினார். கோழிக் கிறுக்கல்தான், ஆனாலும் அவள் கண் கலங்கிவிட்டது. அவள் அதை வெட்டி, வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசியதைக் கல்லாவில் இருக்கும் பெண் செல்போனில் வீடியோ எடுத்துக் கொடுத்தாள்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ஏனென்றால் யாரிடம் சொன்னால் இந்த வெற்றி முழுசாகுமோ அந்த ஒருத்தியிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த ஒருத்தி எங்கோ கடல் தாண்டி இல்லை. ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டில் இருக்கிறாள். அவளுடைய அக்கா. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் மாதக்கணக்கு ஆகிறது.

பெரியவள் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். அவளிடம் படித்தவர்கள் தெருவில் அவளைத் தூரத்தில் பார்த்தாலே காரணமில்லாமல் பிரேக்கை மிதிப்பார்கள். சொந்தத் தங்கைக்கு வண்டி சொல்லித்தர அவளைவிட்டால் வேறு யார்? நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் சின்னவளுக்கு ஒரு குறை. பிறந்ததிலிருந்தே இடது எது, வலது எது என்று சட்டென்று தெரியாது. கொஞ்சம் நின்று யோசித்தால் தெரியும். நடு ரவுண்டானாவில் நின்று யோசிக்க யார் விடுகிறார்கள்?

“இடது பக்கம்! இடது! இடதுன்னா என்னன்னு தெரியுமா தெரியாதா?”

“கத்தாதே, கத்தினா எனக்கு இன்னும் குழம்புது!”

“உனக்கு இந்த ஜென்மத்துல வண்டி ஓட்ட வராது. போ, போய்க் கேக்குல பேரெழுது!”

சின்னவள் பெல்ட்டைக் கழற்றினாள், கதவைத் திறந்தாள், ரவுண்டானாவின் நடுவில் இருந்த புல்தரையில் ஏறி விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடித்தது. பெரியவள் ஜன்னலில் தலையை நீட்டி, “நீயா வந்து பேசுற வரைக்கும் உன்கிட்ட பேச மாட்டேன்!” என்று கத்தினாள். “முதல்ல பேசப் போறது நீதான்!” என்று இவள் புல்லில் நின்றபடி திருப்பிக் கத்தினாள். அதுதான் கடைசிப் பேச்சு.

அதுவரைக்கும் இரண்டு வீட்டுக் கதவுகளும் திறந்தே கிடக்கும். சீப்பு யாருடையது, குடை யாருடையது என்று இருவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் ஒருத்தி பல்பைப் பார்ப்பாள், இன்னொருத்தி படியை எண்ணுவாள். போன் செய்தால் தோற்ற மாதிரி. வாசல் மிதித்தால் தோற்ற மாதிரி. ஆள் மூலம் சொல்லியனுப்பினால் இரண்டு மடங்கு தோற்ற மாதிரி. யாரும் எழுதி வைக்காத சட்டம்தான், ஆனால் இருவருக்கும் தலைகீழ்ப் பாடம். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்த அழுத்தக்காரிகள் அல்லவா.

சின்னவள் வேறொரு டிரைவிங் ஸ்கூலில் ரகசியமாகச் சேர்ந்தாள். அங்கிருந்த வாத்தியார் ‘ம்’ என்பதைத் தவிர வேறெதுவும் பேசாத மனிதர். சரியாக ஓட்டினாலும் ‘ம்’, குப்பைத்தொட்டியில் இடித்தாலும் ‘ம்’. அந்த அமைதியில்தான் அவள் கற்றுக்கொண்டாள். இப்போது பாஸும் ஆகிவிட்டாள். சுவரைப் பார்த்தாள். சுவர் பேசாமல் நின்றது.

அப்போதுதான் யாரோ கதவைத் தட்டினார்கள்.

அக்கா புருஷன் நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டுத் தன்னுடையதை மட்டும் நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பவர்.

“குட்டி, எங்க வீட்டு டிவியில படம் வர மாட்டேங்குது. கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்க அக்கா கேக்கச் சொல்லல. நானாத்தான் கேக்கறேன்” என்றார்.

“நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லிடாதீங்க!” என்று அடுத்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“சொல்லல, சொல்லல” என்று அவர் அங்கே பார்த்துக் கத்திவிட்டு, இங்கே பார்த்து அசடு வழிந்தார்.

விஷயம் இதுதான். குடும்பம் முழுக்கப் பார்க்கிற சினிமாப் படங்கள், அப்பா எடுத்த பழைய வீடியோக்கள் எல்லாமே சின்னவளின் கம்ப்யூட்டரில் இருந்தன. பெரியவளின் டிவியில் ஒரு கேம் கன்சோல் மாட்டியிருந்தது. பகலெல்லாம் நடந்து போகிறவர்கள் முந்திப்போகிற வேகத்தில் காரில் உட்கார்ந்திருக்கும் பெரியவள், மாலையில் அதில் கார்ப் பந்தயம் ஆடுவாள். சிக்னலை மதிக்க மாட்டாள், வளைவில் வேகம் குறைக்க மாட்டாள், எதிரில் வருகிறவனை வேண்டுமென்றே இடிப்பாள். மனசு ஆறியதும் அதே பெட்டியில், சுவருக்கு இந்தப் பக்கமிருந்து வைஃபை வழியாக வரும் படத்தைப் போட்டுப் பார்ப்பாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே இன்டர்நெட், ஒரே வைஃபை. அதாவது, சண்டைக்கு முன்னால் வரைக்கும்.

“எவ்வளவு நாளா வரல மாமா?” என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

“அந்த ரவுண்டானா நாள்லேருந்தே வரல. உங்க அக்கா இன்னைக்குத்தான் திடீர்னு படம் பார்த்தே ஆகணும்னு... இல்ல, நான்தான் பார்க்கணும்னு நெனச்சேன்.”

“பெட்டியை அணைச்சுப் போட்டுப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“டிவியில என்ன எழுதியிருக்கு?”

“அதுக்குத்தான் கண்ணாடியைத் தேடறேன்.”

“தலையில இருக்கு மாமா.”

அவர் போய்ப் படித்துவிட்டு வந்தார். ‘நெட்வொர்க்கில் சேர முடியவில்லை, பாஸ்வேர்டு தவறு’ என்று போட்டிருக்கிறதாம். சின்னவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சண்டை போட்ட அன்று கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் முதல் வேலையாக வைஃபை பாஸ்வேர்டை மாற்றியிருந்தாள். மாற்றினது பெரிசில்லை. என்னவென்று மாற்றினாள் என்பதுதான் பெரிசு. ஆங்கில எழுத்தில் ‘அக்காதிமிர்’ என்று அடித்தாள். ஓர் எண்ணாவது வேண்டும் என்று வைஃபை ரூட்டர் கேட்டது. நூறு சதவீதம் என்ற அர்த்தத்தில் நூறு போட்டாள். அப்போது அது எவ்வளவு இனித்தது!

“ஒரு நிமிஷம் மாமா” என்று உள்ளே ஓடினாள். வேறு பாஸ்வேர்டு மாற்றிவிடலாம் என்று ரூட்டரின் பக்கத்தைத் திறந்தாள். அதற்குள் நுழைய இன்னொரு பாஸ்வேர்டு கேட்டது. அதையும் அன்றைக்கே கோபத்தில் மாற்றியிருந்தாள், அது என்னவென்று சுத்தமாக மறந்துவிட்டது. அக்காவைத் திட்டுகிற வார்த்தைகளில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். எதுவும் திறக்கவில்லை. கோபத்தில் என்னவோ புதுசாகக் கண்டுபிடித்திருக்கிறாள்.

வாசலில் மாமா தொண்டையைக் கனைத்தார்.

வேறு வழியில்லை. “நீங்க பெட்டிகிட்ட போங்க. நான் சுவர்கிட்ட நின்னு ஒவ்வொரு எழுத்தாச் சொல்றேன். நீங்களும் சத்தமாச் சொல்ல வேண்டாம், மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே போடுங்க” என்றாள். மாமாவிடம்தானே பேசுகிறேன், அவளிடம் இல்லையே என்று சட்டத்தையும் மனசுக்குள் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

அவர் மனசுக்குள் சொல்லிக்கொள்கிற ரகமா? கடையில் கண் பரிசோதிக்கும்போது எழுத்துகளை உரக்கப் படித்துப் படித்தே பழகிய குரல்.

“ஏ!” என்றார். “பெரிய ஏயா, சின்ன ஏயா?”

“பெருசு.”

“கே! இன்னொரு கே! அப்புறம் ஏ!” கன்ட்ரோலரால் ஓர் எழுத்திலிருந்து இன்னோர் எழுத்துக்கு நகர்வதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். “டி! ஹெச்! ஐ!”

சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவளின் குரல் மெதுவாகக் கேட்டது. “அக்கா... தி...?”

“எம்!” என்றார் மாமா, குழந்தைபோல. “ஐ! ஆர்!”

சின்னவள் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள். சிரிப்பு முட்டியது, பயமாகவும் இருந்தது.

“இன்னும் முடியல, ஒரு நூறு போடணும்” என்றார் மாமா.

“எதுக்கு நூறு?” என்றாள் பெரியவள். அவரைத்தான் கேட்டாள். ஆனால் தேவைக்கு அதிகமாகச் சத்தமாகவே கேட்டாள்.

“தெரியலையேம்மா. மார்க்கா இருக்கும்.”

சின்னவள் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். ஆத்திரத்தில் வைத்த பாஸ்வேர்டு, நினைக்கும்போதெல்லாம் ஒரு குட்டி சந்தோஷம் கொடுத்த பாஸ்வேர்டு, இப்படி மாமா வாயாலேயே அக்கா காதுக்குப் போய்ச் சேரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

“வந்துடுச்சு!” என்று மாமா கூவினார். “ஆனா உன் கம்ப்யூட்டரைக் காணோமே குட்டி.”

அதற்கும் காரணம் இருந்தது. எந்தெந்தப் பெட்டிக்கெல்லாம் படம் போகலாம் என்ற பட்டியலில் அக்காவின் கன்சோலுக்கு நேரே இருந்த குறியையும் அன்றைக்கே எடுத்துவிட்டிருந்தாள். செய்வதைத் திருந்தச் செய்கிறவள் அவள். ஓசைப்படாமல் குறியைத் திரும்பப் போட்டுவிட்டு, “இப்ப பாருங்க, தானா சரியாயிடுச்சு” என்றாள்.

கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. எந்தப் பெட்டியில் என்ன படம் ஓடுகிறது என்று அதில் தெரியும். இத்தனை மாதமாக வெறுமையாக இருந்த கட்டத்தில் இப்போது அக்காவின் கன்சோல் எழுந்து உட்கார்ந்தது. சின்னவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் எந்தப் படத்தையும் தேடவில்லை. நேராக வீட்டு வீடியோக்களுக்குள் போனாள், ‘சின்னவள் நடனம்’ என்பதைப் போட்டாள்.

பள்ளி ஆண்டு விழாவில் எல்லாக் குழந்தைகளும் ஒரு பக்கம் திரும்ப, சின்னவள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, பக்கத்தில் இருந்தவளை முட்டித் தள்ளி, இரண்டு பேருமாகத் திரைச்சீலையோடு கீழே விழுந்த வீடியோ அது. விழுகிற இடத்தில் பாட்டு நின்றது. பின்னால் போனது. திரும்ப விழுந்தாள். இன்னொரு தடவை பின்னால் போனது. திரும்பவும் விழுந்தாள்.

அப்படியா சேதி! பாஸ்வேர்டுக்குப் பதில் வந்திருக்கிறது!

சின்னவள் கம்ப்யூட்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேசக் கூடாது, போன் செய்யக் கூடாது, வாசல் மிதிக்கக் கூடாது. ஃபைலுக்குப் பெயர் மாற்றக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கையில் கிடைத்த ஒரு வீடியோவின் பெயரை அழித்துவிட்டு, ‘மெழுகுவத்தி ஞாபகம் இருக்கா’ என்று மாற்றினாள்.

“புதுசா ஒரு படம் வந்திருக்கும்மா” என்று மாமா சுவருக்கு அப்பால் படித்தார். “‘மெழுகுவத்தி ஞாபகம் இருக்கா.’ யார் நடிச்சதுன்னு தெரியல.”

சின்ன வயதில் தங்கையின் பிறந்தநாள் மெழுகுவத்தியை அக்கா முந்திக்கொண்டு ஊதி அணைத்த கதை அது. பதிலுக்குப் பெரியவள், தங்கை சைக்கிளோடு சாக்கடைக்குள் இறங்கும் வீடியோவைப் போட்டாள். சின்னவள் ‘தள்ளிவிட்டதே நீதான்’ என்று ஒரு பெயர் வைத்தாள். அங்கிருந்து அப்பா கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்த ஒரு வீடியோ ஓடியது. அதில் ஒன்றும் தெரியாது, “ரெண்டு பேரும் சும்மா இருக்கீங்களா!” என்று அப்பாவின் குரல் மட்டும் கேட்கும். அது கேட்டதும் சுவரின் இந்தப் பக்கம் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பக்கமும் யாரோ மூக்கால் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“இந்தப் படமெல்லாம் பேரைப் பார்த்தா சண்டைப் படம் மாதிரியும் இருக்கு, குடும்பப் படம் மாதிரியும் இருக்கு” என்றார் மாமா.

சின்னவளுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. நறுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும், அக்கா வாயடைத்துப்போக வேண்டும். யோசித்து யோசித்து, ‘நீ இல்லாம எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடல’ என்று வைத்தாள். வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

மாமா படித்தார். “‘நீ இல்லாம எனக்கு.’ அவ்வளவுதான் இருக்கு. அப்புறம் மூணு புள்ளி.”

டிவியில் பெயர்களுக்கு அவ்வளவுதான் இடம். எந்தப் பெயரையும் எந்தக் கேக்கிலும் அடக்கிவிடுகிறவள் கடைசியில் இங்கே வந்து இடத்தைக் கோட்டைவிட்டாள். ஐயையோ என்று கீபோர்டின் மேல் பாய்ந்தாள். அதற்குள் திரையில் கட்டம் மாறியது. அந்தப் பக்கம் ஒரு வீடியோ ஓடத் தொடங்கியிருந்தது. பெரியவளே இன்னும் குழந்தை. இடுப்பில் நிற்காத ஒரு கைக்குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு, அது வழுக்கி வழுக்கி இறங்க, இழுத்து இழுத்து மேலே ஏற்றிக்கொண்டு, “இது என்னுது” என்று கேமராவைப் பார்த்துச் சொல்கிறாள். அந்த ஒரு வீடியோவை அவள் பின்னால் தள்ளவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. கடைசிவரை ஓடவிட்டாள்.

சின்னவளின் விரல் கீபோர்டின் மேல் அப்படியே நின்றது. பெயரைச் சுருக்கி எழுதித் திருத்தலாம். திருத்தினால், உருகிப்போய்ப் பதில் சொன்ன அக்காவுக்கு மானம் போகும். அதோடு, உண்மையைச் சொன்னால், அந்த மூன்று புள்ளிக்கு முன்னால் இருந்ததுதான் நிஜம். அவள் இல்லாமல் இவளுக்கு எதுவுமே ருசிக்கவில்லை, பேக்கரி கேக் உட்பட. அவள் திருத்தவில்லை.

இனி விளையாட்டு போதும், சொல்லிவிட வேண்டியதுதான் என்று செல்போனிலிருந்து பேக்கரி வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். ‘பாஸ்’ என்று பெயர் வைத்தாள். கேக்கில் இருந்த அதே வார்த்தை, இந்தத் தடவை இடத்துக்குள் அடங்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“‘பாஸ்’னு ஒண்ணு இருக்கு. போடறேன்” என்றார் மாமா. “ம்ஹூம். ஓட மாட்டேங்குது. இந்த ஃபைலை இயக்க முடியலைன்னு வருது.”

அட கடவுளே! செல்போன் எடுக்கும் வீடியோவின் ரகம் புதுசு, கன்சோல் பழசு. பாஷை தெரியாதவனிடம் கதை சொல்கிற மாதிரிதான். கன்சோலுக்குப் புரிகிற ரகமாக மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு வழி உண்டு. சின்னவள் அதை அழுத்தினாள். பச்சைக் கோடு ஒன்று திரையில் முளைத்து, அசைந்தால் வலிக்கும் என்பதுபோல நகர ஆரம்பித்தது.

“சரி, போதும். கன்ட்ரோலரைக் குடுங்க” என்றது பெரியவளின் குரல். “நான் ரேஸ் ஆடப் போறேன்.”

சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரியவள் ரேஸுக்குள் போனால் பூகம்பம் வந்தாலும் வெளியே வர மாட்டாள். நாளைக்குச் சொல்லலாமே என்றால், நாளைக்குப் பொழுது விடிந்ததும் இரண்டு பேருக்கும் ரோஷம் திரும்ப வந்துவிடும். இன்றைக்கு விட்டால் இன்னொரு ரவுண்டானாதான். பச்சைக் கோடு பாதியைக்கூடத் தாண்டவில்லை. சட்டென்று ஒரு ஃபைலின் பெயரை ‘இரு’ என்று மாற்றினாள்.

“‘இரு’ன்னு ஒரு படம் வந்திருக்கு” என்றார் மாமா.

இன்னொன்றை ‘கொஞ்சம் இரு’ என்று மாற்றினாள்.

“அதோட ரெண்டாம் பாகமும் வந்திருக்கு.”

‘ரேஸ் ஆடினா நீ தோத்துட்டே’, ‘பயமா’, ‘உன் கால்ல விழறேன்’, ‘விழ மாட்டேன்’, ‘ஆனா இரு’ என்று கை ஓய ஓயப் பெயர்களை மாற்றிக்கொண்டே இருந்தாள். மாமா ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். அவர் குரலில் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. குடும்பத்தின் மொத்த வீடியோக்களும் பெயர் தெரியாமல் குழம்பிப் போயின. எது யாருடைய கல்யாணம், எது யாருடைய காதுகுத்து என்று இனி அவளுக்கே தெரியாது. கவலையில்லை. பச்சைக் கோடு ஒரு வழியாகக் கரை சேர்ந்தது.

‘பாஸ்’ திரும்பவும் டிவிக்குப் போனது.

மாமா இந்தத் தடவை எதுவும் படிக்கவில்லை. கட்டத்தில் எழுத்து மாறியது. வீடியோ ஓடியது. சுவர் வழியாகத் தன் குரலையே சின்னவள் கேட்டாள், வாயில் கேக்கோடு. “அக்கா, நான் பாஸாயிட்டேன்! ரவுண்டானாவுலதான் டெஸ்ட் வெச்சாங்க! அக்கா, இங்க பாரு, வலது கட்டைவிரல்ல கேக்குக்குப் போடற செவப்புச் சாயம் பூசிக்கிட்டுப் போனேன். செவப்புன்னா வலது, வெறும் விரல்னா இடது. குழப்பமே இல்ல! அக்கா...” அங்கே இருமல் வந்து, யாரோ முதுகில் தட்டி, வீடியோ முடியும்.

பேக்கரியில் அத்தனை பேர் நின்றிருக்க, தான் அக்காவைத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்பது சின்னவளுக்கே இப்போதுதான் உறைத்தது.

வீடியோ முடிந்தது. திரும்ப ஆரம்பித்தது. முடிந்தது. இன்னொரு தடவை ஆரம்பித்தது. அதற்கப்புறம் கட்டம் வெறுமையானது. கன்சோலை அணைத்துவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. சின்னவள் காதைச் சுவரில் வைத்தாள். கோபித்துக்கொண்டாளோ? தன்னிடம் படிக்காமல் வேறு வாத்தியாரிடம் போய்ப் படித்ததில் மனசு புண்பட்டுவிட்டதோ? வலியப் போய்ச் சொல்லிக் கெடுத்துக்கொண்டோமோ?

அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. வராந்தாவில் கார்ச் சாவி கலகலத்தது.

சின்னவள் ஓடிப்போய்த் தன் கதவைத் திறந்தாள். பெரியவள் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது, உதட்டை இறுக்கிப் பூட்டியிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியை மட்டும் முகத்துக்கு நேரே நீட்டி ஆட்டினாள். சின்னவளும் வாயைத் திறக்கவில்லை. வெடுக்கென்று சாவியைப் பிடுங்கினாள். இரண்டு பேரும் முட்டி மோதிக்கொண்டு படியில் இறங்கினார்கள்.

“எங்கம்மா போறீங்க? அடுத்து என்ன படம் போடறது?” என்று மாமா மேலிருந்து கேட்டார்.

கீழே டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. அதன் கூரையில் ஒட்டவைத்திருந்த ‘எல்’ பலகையைப் பெரியவள் இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். பட்டென்று கழன்று வந்தது. அதை டிக்கியில் வீசிவிட்டு, வாத்தியார் உட்காரும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவள் காலுக்குக் கீழே அவளுக்கென்றே ஒரு பிரேக் உண்டு. பெரியவள் செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் மேலே தூக்கிச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். உலகத்தில் எந்த டிரைவிங் வாத்தியாரும் எந்த மாணவனுக்கும் இந்த மரியாதையைச் செய்திருக்க மாட்டார்.

சின்னவள் வண்டியை எடுத்தாள்.

தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. காய்கறிக் கடை, மருந்துக் கடை, பஸ் நிறுத்தம் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பெரியவளின் வலதுகால் சீட்டின் மேலேயே இல்லாத பிரேக்கை இரண்டு தடவை மிதித்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. ரவுண்டானா வந்தது. அதே ரவுண்டானா, அதே புல்தரை. சின்னவள் கட்டைவிரலைப் பார்த்தாள். சாயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. இடைவெளி பார்த்து, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல உள்ளே நுழைந்தாள்.

வெளியே போகும் வழி வந்தது. அவள் போகவில்லை. அக்கா ஏதாவது சொல்லட்டும் என்று இன்னொரு சுற்றுச் சுற்றினாள். அக்கா சொல்லவில்லை. மூன்றாவது சுற்று. புல்தரையில் உட்கார்ந்திருந்த ஒரு நாய் அவர்களையே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. சின்னவளுக்கு முதலில் உதடு துடித்தது, அப்புறம் வயிறு குலுங்கியது. பக்கத்தில் பெரியவள் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“காலையிலயே தெரியும்டி எருமை!” என்று பெரியவள் வெடித்தாள். “டெஸ்ட் எடுத்தாரே அந்த ஆபீசர், எனக்கு போன் பண்ணிட்டாரு. நீயா வந்து சொல்லுவேன்னு காத்துக்கிட்டே இருந்தேன். நீ வரல. அதான் அந்த மனுஷனை அனுப்பினேன், படம் வரலைன்னு!”

“நீ பேசிட்டே! முதல்ல நீதான் பேசினே!”

“போடி! பாஸ்வேர்டுலயே நீ பேசிட்டே!”

“அது பேச்சில்ல, எழுத்து!”

“நூறு மார்க் வேற!”

இருவரும் கத்திச் சிரித்ததில் கார்க் கண்ணாடியே மங்கிப்போனது. சின்னவள் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் வண்டி ஒரு விரற்கடைகூட விலகவில்லை, கோட்டுக்குள்ளேயே போனது. பெரியவள் அதைக் கவனித்தாள். எட்டி, ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அந்தச் சிவந்த கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தாள்.

“இவ்வளவு பேருக்குச் சொல்லித்தரேன். ஒரு சொட்டுச் சாயம் போதும்னு எனக்குத் தோணலையே” என்றாள். “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது குட்டி. உனக்கு நல்லாவே ஓட்ட வருது.”

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். வெளியே போகும் வழி திரும்பவும் எதிரே வந்தது.

“திரும்பட்டுமா?” என்று கேட்டாள்.

பெரியவள் சம்மணத்தைக் கலைக்காமல் சீட்டில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“வேண்டாம், இன்னொரு சுத்து போ.”